பதிமூன்று வயதுப் பையன் ‘அடலசென்ஸ்’ பார்த்துவிட்டான், பயப்பட வேண்டுமா?

பெரம்பூரிலிருந்து எழுதியிருக்கும் அம்மா கேட்டது இது: எட்டாம் வகுப்பு படிக்கும் மகன் நண்பன் வீட்டு நெட்ஃபிளிக்ஸில் ‘அடலசென்ஸ்’ தொடர் முழுவதையும் பார்த்துவிட்டு வந்திருக்கிறான், ராத்திரி தோசை சாப்பிடும்போது பேச்சுவாக்கில் சொல்லியிருக்கிறான், அதற்கப்புறம் அவரும் உட்கார்ந்து பார்த்துவிட்டுத் தூக்கம் வராமல் கிடக்கிறார். பிள்ளைகள் இதைப் பார்த்தால் கெட்டுப்போவார்களா, இதே மாதிரி இங்கே நடந்தால் என்ன ஆகும், அவன் ஃபோனை எடுத்துப் பார்க்கலாமா என்று மூன்று கேள்வி. ஆனால் நடுவில் ஒரு வரி எழுதியிருக்கிறீர்கள், “அந்த அப்பா அம்மாவும் எங்களை மாதிரித்தானே இருக்கிறார்கள்” என்று. தூக்கத்தைக் கெடுத்தது அந்த வரிதான் என்று எடுத்துக்கொள்கிறேன். தொடர் என் பையனை என்ன செய்யும் என்பது அப்புறம், என் பையனுக்குள் எனக்குத் தெரியாமல் ஏதாவது ஓடிக்கொண்டிருக்கிறதா என்பதுதான் நீங்கள் கேட்க வந்தது.

நான் யார் என்று சொல்லிவிடுகிறேன். மனநல சமூகப்பணி படித்தவன். சென்னையில் பள்ளிக் கவுன்சலராகவும், இடையில் சில வருடம் கூர்நோக்கு இல்லத்துக்கு (வழக்கில் மாட்டும் சிறார்களை விசாரணைக் காலத்தில் வைக்கும் இல்லம்) வரும் பிள்ளைகளோடும் வேலை பார்த்திருக்கிறேன். டாக்டர் இல்லை, மருந்து எழுத முடியாது. உங்கள் மகனைப் பார்க்காமல் அவன் எப்படிப்பட்டவன் என்று சொல்ல எனக்கு யோக்கியதை கிடையாது. பார்க்காமலே நாலு வரி கமென்ட்டில் பையனுக்கு ஒரு வியாதிப் பெயர் வைப்பவர்களையும் நம்ப வேண்டாம்.

தொடரைப் பார்க்காதவர்களுக்கு ஒரு சுருக்கம். 2025 மார்ச்சில் வந்த பிரிட்டிஷ் தொடர், ஜாக் தோர்னும் ஸ்டீபன் கிரஹாமும் எழுதியது, ஃபிலிப் பாரன்டினி இயக்கியது. விடிகாலையில் போலீஸ் கதவை உடைத்துக்கொண்டு ஒரு வீட்டுக்குள் வருகிறது. ஜேமி என்ற 13 வயதுப் பையனை, கூடப் படிக்கும் பெண்ணைக் கத்தியால் குத்திக் கொன்றதாகக் கைது செய்கிறது. நாலு எபிசோடு, ஒவ்வொன்றும் வெட்டே இல்லாத ஒரே ஷாட். செய்தது அவன்தானா என்ற சந்தேகத்தை முதல் எபிசோடிலேயே தீர்த்துவிடுகிறார்கள், அப்பாவைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டே சிசிடிவி காட்சியைப் போட்டுக் காட்டி. மிச்சம் எல்லாம் ஏன் செய்தான் என்பதுதான். ஜேமியாக நடித்த ஓவன் கூப்பருக்கு இதுதான் முதல் நடிப்பு, 15 வயதில் எம்மி விருதும் வாங்கிவிட்டான். குறிப்பிட்ட ஒரு வழக்கை எடுத்துச் செய்த கதை இல்லை இது. பையன்கள் பெண்பிள்ளைகளைக் குத்திய செய்திகளைத் தொடர்ந்து படித்ததில் இருந்து கிளம்பியது என்று கிரஹாம் சொல்லியிருக்கிறார். ஆகவே ‘உண்மைச் சம்பவம்’ என்று யாராவது ஃபார்வர்டு அனுப்பினால் விட்டுவிடுங்கள்.

சரி, பார்த்தால் கெட்டுப்போவானா? எது உறுதி, எது சந்தேகம் என்று பிரித்துச் சொல்கிறேன். வன்முறையைப் பார்த்தவுடன் சின்னப் பிள்ளைகள் அதைச் செய்து பார்ப்பார்கள் என்பது 1960-களின் தொடக்கத்திலேயே தெரிந்த விஷயம். ஸ்டான்ஃபோர்டில் ஆல்பர்ட் பண்டூரா காற்றடைத்த ஒரு பொம்மையைப் பெரியவர் ஒருவர் அடிப்பதை நர்சரி வயதுப் பிள்ளைகளுக்குக் காட்டினார், பிள்ளைகளும் போய் அதே மாதிரி அடித்தார்கள். அடுத்த சுற்றில் அதையே படமாகக் காட்டியபோதும் அப்படித்தான். ஆனால் அது அடிப்பதற்கென்றே செய்த பொம்மை, அடித்தால் திரும்ப எழுந்து நிற்கும், பிள்ளைகளுக்கு அது விளையாட்டு. அந்த அறையில் நடந்ததற்கும் ஒருவன் கத்தி எடுத்துக்கொண்டு வெளியே போவதற்கும் நடுவில் பெரிய தூரம் இருக்கிறது. அந்தத் தூரத்தை யாரும் ஆய்வில் கடந்து காட்டவில்லை. அமெரிக்க உளவியல் சங்கம் வன்முறை வீடியோ கேம்களைப் பற்றி 2015-ல் ஒரு குழு அறிக்கை வெளியிட்டது. கோபமும் முரட்டுத்தனமும் கொஞ்சம் கூடுகிறது என்பதற்கு ஆதாரம் உண்டு, நிஜமான குற்ற வன்முறைக்கு இட்டுப்போகிறது என்று சொல்லும் அளவுக்கு ஆதாரம் இல்லை என்றது. 2020-ல் அதையே இன்னும் அழுத்தமாகச் சொன்னது, வன்முறைச் சம்பவங்களுக்குக் கேம்களைக் காரணம் காட்டுவது அறிவியலுக்குப் பொருந்தாது என்று. நான் பார்த்த பிள்ளைகளை வைத்துச் சொன்னாலும், ஒரு தொடரைப் பார்த்ததனால் மட்டும் கையை ஓங்கியவன் என்று ஒருவனையும் என்னால் காட்ட முடியாது. ‘அந்தப் படத்தில் வர்ற மாதிரிதான் பண்ணேன் சார்’ என்று சொன்னவர்கள் உண்டு. பேசப் பேசத் தெரியும், படம் கொடுத்தது செய்முறையை மட்டும்தான், கோபம் அதற்கு முன்பே வேறு இடத்தில் ஊறிக்கொண்டிருந்திருக்கும்.

ஒரே ஒரு இடத்தில் மட்டும் நான் அசட்டையாக இருக்க மாட்டேன், அது தற்கொலைக் காட்சி. 2017-ல் நெட்ஃபிளிக்ஸிலேயே ‘தர்ட்டீன் ரீசன்ஸ் வை’ என்று ஒரு பள்ளி மாணவியின் தற்கொலையைப் பற்றிய தொடர் வந்தது. அது வெளியான அடுத்த மாதம் அமெரிக்காவில் 10 முதல் 17 வயதுக்குள் தற்கொலை விகிதம் எதிர்பார்த்ததைவிட 28.9 சதவீதம் கூடியிருந்தது என்று 2019-ல் ஒரு ஆய்வு வந்தது. அதே கணக்கை வேறொருவர் திரும்பப் போட்டுப் பார்த்து, தொடர்தான் காரணம் என்று இதை வைத்து அடித்துச் சொல்ல முடியாது என்றார். சண்டை இன்னும் முடியவில்லை. ஆனாலும் 2019 ஜூலையில் நெட்ஃபிளிக்ஸ் அந்தக் காட்சியை வெட்டி எடுத்துவிட்டது, எடுத்தது நல்லதுதான் என்பது என் கட்சி. ஏற்கெனவே மனம் உடைந்து இருக்கும் பிள்ளைக்கு எப்படிச் செய்வது என்று படம் போட்டுக் காட்டக் கூடாது, இதில் நிபுணர்களுக்குள் பெரிய கருத்து வேறுபாடு கிடையாது. ‘அடலசென்ஸ்’ இந்த விஷயத்தில் ஒழுங்கான தொடர். கொலையைத் தூரத்தில் வைத்த கேமரா வழியாக ஒரு தடவை காட்டுகிறது, அதோடு சரி. பின்னணி இசை போட்டுக் கத்தியைத் தூக்கிப் பிடிக்கவில்லை, ஜேமியை ‘மாஸ்’ ஆக்கவில்லை.

பார்த்துச் செய்வதுதான் உங்கள் பயம் என்றால் வேறு பக்கம் திரும்பிப் பாருங்கள். 2018 பிப்ரவரியில் பூந்தமல்லி தாண்டி மலையம்பாக்கத்தில் ஒரு ரவுடி பிறந்தநாள் விழா வைத்தான், பட்டாக்கத்தியால் கேக் வெட்டினான், போலீஸ் சுற்றி வளைத்து எழுபதுக்கும் மேற்பட்டவர்களை ஒரே ராத்திரியில் பிடித்தது. அந்த வீடியோ ஊர் முழுக்கச் சுற்றியது. அதற்கப்புறம் பட்டாக்கத்தியில் கேக் வெட்டி ஸ்டேட்டஸ் போட்டு மாட்டிக்கொண்ட பையன்கள் எத்தனை பேர் என்று செய்தித்தாள் படிக்கும் எல்லாருக்கும் தெரியும். நாலு மணி நேரம் உட்கார்ந்து பார்க்க வேண்டிய, பாதி நேரம் பேச்சாகவே ஓடும் ஒரு தொடர் அந்த வேலையைச் செய்யாது. கானா பாட்டைப் பின்னால் போட்டு, ஸ்லோ மோஷனில் நடந்து வந்து, கீழே ஐந்நூறு பேர் ‘தல’ என்று கமென்ட் போட்ட இருபது செகண்ட் ரீல் செய்யும். அதில் பின்விளைவு கிடையாது, அழுகிற அம்மா கிடையாது, கோர்ட் கிடையாது. உங்கள் மகன் பார்த்த தொடரில் அதெல்லாம்தான் இருக்கிறது.

மூன்றாவது எபிசோடுக்கு வருகிறேன், என் தொழிலுக்கு நெருக்கமானது அது. காவலில் இருக்கும் ஜேமியைப் பார்க்க வரும் உளவியலாளர் பிரயனி, அவனுக்கு மார்ஷ்மெல்லோ போட்ட ஹாட் சாக்லெட் கொண்டுவருகிறார், தன்னுடைய சாண்ட்விச்சில் பாதியைக் கொடுக்கிறார். கொஞ்ச நேரம் சிரித்துப் பேசுகிறான், திடீரென்று எழுந்து கத்துகிறான், கப்பைத் தட்டிவிடுகிறான், அடுத்த நிமிடம் மன்னிப்புக் கேட்கிற குழந்தை ஆகிவிடுகிறான். கடைசியில் இழுத்துக்கொண்டு போகும்போது, என்னைப் பிடிக்குமா பிடிக்காதா என்று கதறுகிறான். இங்கே நமக்கு அவ்வளவு அமைதியான அறையும் அவ்வளவு நேரமும் கிடைப்பதில்லை, நடுவில் ஒருவர் ஃபைல் கேட்டு எட்டிப் பார்ப்பார். ஆனால் அந்தப் பையன் மாறி மாறி நடந்துகொள்வது அச்சு அசல். தன்னை யாரும் ஒரு பொருட்டாக நினைக்கவில்லை என்று நம்பும் பையன், எதிரில் இருப்பவரை ஒரு நிமிடம் பயமுறுத்திப் பார்ப்பான், அடுத்த நிமிடம் ஒட்டிக்கொள்ளப் பார்ப்பான். ஜேமியின் பிரச்சினை பெண்கள் மீதான வெறுப்பு என்று நிறையப் பேர் எழுதினார்கள், அது சரிதான், இணையத்தில் அந்த வெறுப்பை விற்பதற்கென்றே ஆட்கள் இருக்கிறார்கள். ஆனால் அந்தச் சரக்கை அவன் ஏன் வாங்கினான் என்று கேட்டால் கிடைக்கும் பதில் அவமானம். அவன் இன்ஸ்டாகிராம் படத்துக்குக் கீழே கொலையான அந்தப் பெண் போட்ட எமோஜிகள், ‘உன்னை எவளும் சீண்ட மாட்டாள்’ என்று வகுப்பே பார்க்கச் சொன்ன கேலி. துப்பறியும் அதிகாரிக்கே அது புரியவில்லை, அதே பள்ளியில் படிக்கும் அவருடைய மகன்தான் உட்கார வைத்து விளக்குகிறான்.

இங்கே நான் பார்த்த ஒன்றைச் சொல்கிறேன், அடையாளம் தெரியாதபடி மாற்றியிருக்கிறேன். ஒன்பதாம் வகுப்புப் பையன், பக்கத்து பெஞ்சுப் பையனின் கையில் ஜாமெட்ரி பாக்ஸ் காம்பஸால் குத்திவிட்டான். ‘நல்ல பையன் சார், வாயே திறக்க மாட்டான்’ என்றார் வகுப்பாசிரியர். ‘வீட்டுக்கு ஒரே பையன், எதுவும் குறை வைக்கலை’ என்றார் அப்பா. பையன் ரொம்ப நேரம் பேசவே இல்லை. அப்புறம் ஃபோனை எடுத்து வகுப்பு வாட்ஸப் குரூப்பைக் காட்டினான். ஸ்போர்ட்ஸ் டேயில் ரிலேயில் விழுந்து, மூக்கு ஒழுகி, சட்டை கிழிந்து அழுதுகொண்டு நிற்கும்போது யாரோ எடுத்த அவன் முகம் ஸ்டிக்கராகிவிட்டது. ஹோம்வொர்க் என்ன என்று அவன் கேட்டால் பதில் அந்த ஸ்டிக்கர். யாருக்காவது பிறந்தநாள் என்றால் கேக்கோடு அந்த ஸ்டிக்கர். மாதக்கணக்கில். அவனும் கீழே சிரிக்கிற எமோஜி போட்டிருக்கிறான், போடாவிட்டால் இன்னும் கலாய்ப்பார்கள் என்று. அம்மாவிடம் தனியாகப் பேசியபோது அவர் ஒன்று சொன்னார்: டிபன் பாக்ஸ் ரொம்ப நாளாகத் திறக்காமலே திரும்பி வருகிறது, எலுமிச்சை சாதம் பிடிக்கவில்லை போல என்று தயிர் சாதத்துக்கு மாற்றினேன் என்று. கூட உட்கார்ந்து சாப்பிட ஆள் இல்லாமல் அவன் மதியம் முழுக்க லைப்ரரி வாசலில் நின்றுகொண்டிருந்திருக்கிறான். அவன் எந்தத் தொடரும் பார்த்தவன் இல்லை.

தொடரை அப்படியே நம் ஊருக்குப் பொருத்திப் பார்க்க முடியாத இடமும் இருக்கிறது. ஜேமி தனி அறையில் தனி ஆள். அறையில்தானே இருக்கிறான், பத்திரமாக இருக்கிறான் என்று பெற்றோர் நினைத்தார்கள். ஒண்டுக் குடித்தனத்திலும் இரண்டு ரூம் ஃப்ளாட்டிலும் வளரும் நம் பிள்ளைகளில் பாதிப் பேருக்குத் தனி அறையே கிடையாது. இங்கே நான் பார்க்கும் வன்முறை பெரும்பாலும் கூட்டத்தோடு வருவது. கல்லூரிப் பக்கம் போனால் ரூட்டு தல, அதாவது ஒரு பஸ் ரூட்டில் போகும் மாணவர் கூட்டத்துக்குத் தலைவன், எந்தப் பஸ்ஸில் யார் கெத்து என்பதில் தொடங்கி, 2019 ஜூலையில் அரும்பாக்கத்தில் பட்டப்பகலில் மாநகரப் பேருந்துக்குள் ஏறி வெட்டுகிற வரைக்கும் போனது. தெற்கே போனால் சாதி. 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் பிளஸ் டூ மாணவனையும் தடுக்க வந்த தங்கையையும் வீடு புகுந்து அரிவாளால் வெட்டியவர்கள் கூடப் படித்த பையன்கள்தான். அதற்கப்புறம் தமிழக அரசு ஓய்வுபெற்ற நீதிபதி சந்துரு தலைமையில் ஒரு நபர் குழு போட்டது, 2024 ஜூனில் அறிக்கை வந்தது, சாதியைக் காட்டக் கையில் கட்டும் வண்ணக் கயிற்றைத் தடை செய்வதிலிருந்து பல பரிந்துரை. அந்தப் பையன்கள் யாரும் தனிமையில் வெந்துகொண்டிருந்தவர்கள் இல்லை. அவர்களுக்குப் பின்னால் ஒரு கூட்டமும், இது சரி என்று சொல்லும் பெரியவர்களும் இருந்தார்கள். ஆகவே உங்கள் வீட்டில் ஜேமியைத் தேடாதீர்கள். அவன் யாரோடு சுற்றுகிறான், அந்தக் கூட்டத்தில் அவன் இடம் என்ன, அடிக்கிறவனா, அடிவாங்குகிறவனா, நின்று வீடியோ எடுக்கிறவனா, அதைத் தேடுங்கள்.

இங்கே நடந்தால் என்ன ஆகும் என்ற கேள்விக்குச் சட்டம் தெளிவாகவே இருக்கிறது. இங்கிலாந்தில் 10 வயதிலிருந்தே குற்றப் பொறுப்பு உண்டு, கொலை என்றால் 13 வயதுப் பையனும் கிரவுன் கோர்ட்டில் ஜூரிக்கு முன்னால் நிற்க வேண்டும், தண்டனை காலவரையறை இல்லாத காவல். இங்கே 2015-ம் வருடச் சிறார் நீதிச் சட்டப்படி 18 வயதுக்குக் கீழே உள்ளவரைப் போலீஸ் லாக்கப்பில் வைக்கக் கூடாது, 24 மணி நேரத்துக்குள் இளைஞர் நீதிக் குழுமத்தின் முன் கொண்டுபோக வேண்டும். குழுமம் என்றால் ஒரு மாஜிஸ்திரேட்டும் இரண்டு சமூகப் பணியாளர்களும், அவர்களில் ஒருவராவது பெண். 16 வயது முடியாத பையன் என்ன செய்திருந்தாலும் பெரியவர்கள் கோர்ட்டுக்கு அனுப்ப முடியாது, அதிகபட்சம் மூன்று வருடம் சிறப்பு இல்லம். 16 முதல் 18 வரை உள்ளவர் கொடுங்குற்றம் செய்திருந்தால் மட்டும் முதற்கட்ட மதிப்பீடு என்று ஒன்று உண்டு, செய்ததன் விளைவு அவனுக்குப் புரிந்திருந்ததா என்று குழுமம் பார்க்கும், அதன் பிறகு பெரியவரைப் போல விசாரிக்க வழி இருக்கிறது, அப்போதும் தூக்குத் தண்டனை கிடையாது. பிள்ளையின் பெயரையோ படத்தையோ பள்ளியையோ வெளியிடுவது 74-வது பிரிவின்படி குற்றம். யூடியூப் சேனல்காரர்கள் இதை ஒரு நாள் படித்தால் புண்ணியமாகப் போகும்.

மூன்று வருடம்தானா என்று கொதிப்பவர்களை எனக்குப் புரிகிறது, பெண்ணைப் பறிகொடுத்த வீட்டுக்கு முன்னால் போய் நின்று அந்தக் கணக்கைச் சொல்ல எனக்கும் வாய் வராது. தொடரிலும் அதுதான் குறை, செத்துப்போன பெண்ணின் வீட்டை அது எட்டிக்கூடப் பார்க்கவில்லை. எழுதியவர்கள் வேண்டுமென்றே விட்டது என்றாலும் எனக்கு அது உறுத்தல்தான்.

இனி உங்கள் மகன். அவன் தானாக வந்து சாப்பாட்டு நேரத்தில் ‘இதைப் பார்த்தேன்’ என்று சொல்லியிருக்கிறான் பாருங்கள், அது உங்கள் கடிதத்தில் இருக்கும் நல்ல செய்தி. ஏன் பார்த்தாய் என்று ஆரம்பித்தால் அடுத்தது சொல்ல மாட்டான். இரண்டாவது எபிசோடை, அந்தப் பள்ளி எபிசோடை, அவனோடு சேர்ந்து திரும்பப் பாருங்கள். ‘உங்க ஸ்கூல்ல இப்படியெல்லாம் கலாய்ப்பாங்களா’ என்று கேட்டு நிறுத்திக்கொள்ளுங்கள். அவனைப் பற்றிக் கேட்காதீர்கள், மற்றவர்களைப் பற்றிக் கேளுங்கள், இந்த வயதில் பிள்ளைகள் தன் கதையை ‘எங்க க்ளாஸ்ல ஒருத்தன்’ என்றுதான் சொல்வார்கள். கதவைச் சாத்திக்கொள்வது, முறைப்பது, ஒற்றை வார்த்தையில் பதில் சொல்வது எல்லாம் 13 வயது, அதை வைத்துப் பயப்படாதீர்கள். பழைய நண்பர்கள் ஒட்டுமொத்தமாகக் காணாமல் போவது, சாப்பாடும் தூக்கமும் வாரக்கணக்கில் மாறுவது, பள்ளிக்குப் போகும் காலையில் மட்டும் வயிற்றுவலி, தங்கச்சியிடமோ தெரு நாயிடமோ புதிதாகக் குரூரம், பையில் கத்தி பிளேடு மாதிரி ஏதாவது, இதெல்லாம் இருந்தால் தள்ளிப்போடாதீர்கள். இருந்தாலும் அவன் கொலைகாரன் ஆகப்போகிறான் என்று அர்த்தம் இல்லை, இதை வைத்து அப்படி முன்கூட்டியே சொல்ல யாராலும் முடியாது. அவனுக்கு ஏதோ கஷ்டம் என்று மட்டும் அர்த்தம்.

ஃபோன். திருட்டுத்தனமாக எடுத்துப் பார்க்காதீர்கள். மாட்டினால் அவன் இரண்டாவது அக்கவுண்ட் திறப்பான், அதை நீங்கள் என்றைக்கும் பார்க்கப்போவதில்லை. பையில் கத்தி, செத்துப்போவேன் என்ற பேச்சு, யாரோ படத்தை வைத்து மிரட்டுவது, இந்த மாதிரி உயிர் சம்பந்தப்பட்டது என்றால் மட்டும் பாருங்கள், பார்த்துவிட்டு ‘பார்த்தேன்’ என்று சொல்லிவிடுங்கள். மற்றபடி ராத்திரி எல்லார் ஃபோனும் ஹாலில் சார்ஜில் கிடக்கட்டும், எல்லார் என்றால் அப்பாவுடையதும் சேர்த்து. பேச ஆள் வேண்டுமென்றால் அரசின் மனநலத் தொலைபேசி உதவியான டெலிமானஸ் 14416, தமிழிலேயே பேசலாம், காசு கிடையாது. பள்ளியில் யாராவது துன்புறுத்துகிறார்கள் என்றால் பள்ளிக்கல்வித் துறையின் 14417, பிள்ளைக்கே ஆபத்து என்றால் குழந்தைகள் உதவி எண் 1098. நேரில் காட்ட வேண்டுமென்றால் பெரம்பூரிலிருந்து உங்களுக்குக் கீழ்ப்பாக்கம் அரசு மனநல மருத்துவமனை பக்கம்தான். பெயரைக் கேட்டுத் தயங்காதீர்கள், காலையிலேயே ஓபி சீட்டு போட்டுவிடுங்கள், பையனின் பள்ளி டைரியையும் கையோடு எடுத்துப் போங்கள், எப்போதிலிருந்து மாறினான் என்று டாக்டர் கேட்கும்போது அதில் இருக்கும் லீவு தேதிகள் உதவும்.